கச்சேரிக்கும் கரைக்கும் நடுவில்

புத்தளம் மாவட்டக் கரையில் மக்கள் தொடர்பு வேலை பார்ப்பவருக்கு முதலில் வேண்டியது மொழி. அடுத்தது, காற்றையும் திருவிழாவையும் வைத்துப் போட்ட ஒரு நாட்காட்டி. மூன்றாவது, ஊரில் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மேலிடத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் துணிவு. முதல் இரண்டும் பழகப் பழக வரும். மூன்றாவதுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இந்தக் கரையில் பெரிய திட்டங்கள் பல கறுப்புக்கொடியோடு தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கரை நீளமானது. தெற்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம். நடுவில் உடப்பு, முந்தல், மதுரங்குளி. வடக்கே பாலாவி, புத்தளம் நகர். புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே கற்பிட்டிக் குடாநாடு நீண்டு கிடக்கிறது. அதன் நுனிக்கு அப்பால் உச்சமுனை, பத்தலங்குண்டு என்று தீவுகள். களப்பின் வடகரையில் வில்பத்துக் காடு தொடங்கிவிடும். இதற்குள்ளேயே சீமெந்துத் தொழிற்சாலை, நிலக்கரி அனல்மின் நிலையம், உப்பளங்கள், இறால் பண்ணைகள், உல்லாச விடுதிகள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஊரோடு பேச ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளின் பதவிப் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வேலை ஒன்றுதான்.

மொழியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ். உடப்பு தமிழ் இந்துக்களின் ஊர். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போனது. சிலாபத்தைச் சுற்றியுள்ள கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி தமிழில் செபம் சொன்னார், பேரப்பிள்ளை சிங்களத்தில் சொல்கிறது. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். அவர்கள் மன்னார்த் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் வீட்டை விட்டுக் கிளம்பிய நினைவையும் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ‘உங்கள் காணிக்கு ஒன்றும் ஆகாது’ என்று ஒரு துண்டுப்பிரசுரம் சொன்னால் அதற்கு என்ன எடை இருக்கும் என்பதைக் கொழும்பில் உட்கார்ந்து அதை எழுதுகிறவர் யோசித்திருக்க மாட்டார். கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் பெயர்த்து, அதிலிருந்து அவசரமாகத் தமிழாக்கிய அறிவித்தலை இலங்கைத் தமிழ் வாசகர் முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிடுவார். எழுத்துப்பிழை ஒருபுறம் இருக்கட்டும். ‘இது நம்மை நினைத்து எழுதியது இல்லை’ என்ற எண்ணம் வந்துவிட்டால் அதற்குமேல் வாசிப்பு இல்லை.

செய்தி பரவும் வழிகளும் இங்கே தனி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் சொல்லும் அறிவித்தல், ஞாயிறு பூசையின் முடிவில் பங்குத்தந்தை சொல்லும் இரண்டு வரி, கடற்றொழில் கூட்டுறவுச் சங்கக் கூட்டம், கரைவலை இழுத்து முடிந்தபின் வாடியில் நடக்கும் பேச்சு. இப்போது இவற்றோடு வாட்ஸப் குழுக்களும் சேர்ந்துகொண்டன. பத்திரிகை விளம்பரம் சட்டத்துக்காகப் போடுவது. அதை நம்பி ஒரு திட்டத்தை விளக்கியாயிற்று என்று கோப்பை மூடுகிறவர் இந்த வேலைக்குப் புதியவராக இருப்பார், அல்லது மிகவும் பழையவராக இருப்பார்.

நாட்காட்டியும் அப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடல் கொந்தளிப்பாக இருப்பதால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க முடியாது, டொல்பின் பார்க்கப் படகு போகாது. அதே காற்றை நம்பித்தான் பட்டச் சறுக்கல்காரர்கள் உலகெங்குமிருந்து கற்பிட்டிக்கு வருகிறார்கள். காற்றுத் தணிந்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகும்போது மீனவரின் வலை, நிலக்கரியைக் கரைசேர்க்கும் பாரப்படகு, சுற்றுலாப் படகு மூன்றும் ஒரே கடலில் இறங்குகின்றன. முறைப்பாடுகளும் அந்த மாதங்களில்தான் குவியும். இடையே மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழா. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் யாத்திரிகர் வந்து தென்னந்தோப்புகளில் தங்குவார்கள். ஆகஸ்டை ஒட்டி முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் திருவிழா நடக்கும். நோன்பு மாதம் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். நோன்புக் காலத்தில் மாலை ஆறு மணிக்குக் கலந்துரையாடல் வைத்துவிட்டு ‘மக்கள் ஆர்வம் காட்டவில்லை’ என்று அறிக்கை எழுதுவது இந்தத் துறையில் நடக்காத காரியம் அல்ல.

இந்த வேலையைச் செய்துகொண்டே, மனதுக்குப் பிடித்ததையெல்லாம் எழுதியும் வைத்த ஒருவர் இதே கரையில் வாழ்ந்தார். பெயர் சைமன் காசிச்செட்டி. 1807 இல் கற்பிட்டியில் பிறந்தவர். 1824 இல், பதினேழு வயதில், கற்பிட்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். துரை ஆங்கிலத்தில் கேட்பார், கூண்டில் நிற்பவர் தமிழிலோ சிங்களத்திலோ பதில் சொல்வார். இருவருக்கும் நடுவில் நிற்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒருவர் சிறைக்குப் போகக்கூடும். மக்கள் தொடர்புக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

பிறகு அவர் புத்தளத்தின் மணியகாரர் ஆனார், முதலியார் பட்டமும் பெற்றார். மணியகாரர் என்றால் ஆங்கிலேய அரசுக்கு ஊரிலுள்ள கை, வாய், காது எல்லாம் அவர்தான். மேலிடத்துக் கட்டளையை ஊருக்கு அறிவிப்பதும் ஊரின் நிலையை மேலிடத்துக்கு எழுதுவதும் அவர் பொறுப்பு. இந்த இரண்டாவது கடமையை அவர் அளவுக்கு ஆசையோடு செய்தவர் அரிது. 1834 இல், இருபத்தேழு வயதில், ‘சிலோன் கசற்றியர்’ என்ற பெரிய நூலைக் கோட்டேயிலிருந்த சர்ச் மிஷன் அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டார். இலங்கையின் மாவட்டங்கள், பட்டினங்கள், முக்கியமான கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், ஏரிகள் என்று அகர வரிசையில் அடுக்கி, அங்கங்கே உள்ள மக்களின் பழக்கவழக்கம், விவசாயம், வாணிபம், சமயம் ஆகியவற்றையும் சேர்த்த நூல் அது. நூலின் முகப்பில் அவர் பெயரோடு புத்தளத்து மணியகாரர் என்ற பதவியும் அச்சாகியிருக்கிறது.

ரயில் இல்லை, நல்ல வீதி இல்லை. புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போவதே ஒரு பயணம். அந்தக் காலத்தில் ஒரு மாவட்ட உத்தியோகத்தர் தீவு முழுவதையும் பற்றி எழுதத் துணிந்தார் என்றால், வந்துபோகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். கரையோரச் சாதிகளின் வழக்காறு, சோனகரின் பழக்கவழக்கம், றொடியர், பாழடைந்த தம்மன்ன நுவரவின் இருப்பிடம், தமிழர் தாவர விலங்குகளை வகைப்படுத்திய முறை என்று அவர் கட்டுரைகளின் பொருள் எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் ஓடும். சில கட்டுரைகள் அரச ஆசியச் சங்கத்தின் ஏடுகளில் வந்தன. இன்று இருந்திருந்தால் எதைப்பற்றியெல்லாம் இரவிரவாகப் பதிவு போட்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

1838 இல் சட்டநிரூபண சபைக்கு நியமிக்கப்பட்டு 1845 வரை அங்கே உறுப்பினராக இருந்தார். இடையில் 1841 இல் ‘உதயாதித்தன்’ என்று ஒரு தமிழ் மாத இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது. யாழ்ப்பாண இதழுக்குப் பின்னால் அச்சுக்கூடம், பள்ளிக்கூடங்கள், அங்கே படித்து வெளிவந்த வாசகர் கூட்டம் எல்லாம் இருந்தன. அது பல தலைமுறைக்கு நின்றது. காசிச்செட்டியின் இதழுக்குப் பின்னால் காசிச்செட்டி மட்டும் இருந்தார். ஆதரவில்லாமல் சீக்கிரமே நின்றுபோயிற்று. ஒரு தனியாளின் ஆர்வம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் எங்கே நிற்கும் என்பதற்கும் அந்த இரு இதழ்களும் அளவுகோல்.

இதழ் நின்றது, எழுத்து நிற்கவில்லை. சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்த காலத்தில், 1859 இல், ‘தமிழ் புளூராக்’ வெளிவந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்த நூல். இதற்கு முன்னோடியாக 1829 இல் காவெலி வெங்கட ராமசாமி எழுதிய தக்காணத்துக் கவிஞர் பற்றிய நூல் இருந்தது. ஆனால் தமிழ்ப் புலவர்களை மட்டும் எடுத்து இவ்வளவு விரிவாகச் சொன்னவர் முன்பு இல்லை. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துச் சதாசிவம்பிள்ளை 1886 இல் தமிழிலேயே ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியபோது இந்த நூல் அவருக்குக் கைகொடுத்தது. 1946 இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு மறுபதிப்பும் வந்தது. தமிழர் பற்றி அவர் எழுதிவைத்த இன்னொரு நூல், அவர் 1860 இல் இறந்து எழுபது ஆண்டுக்கு மேல் கழித்து 1934 இல்தான் அச்சேறியது.

அவரைத் தூக்கிப் பிடிப்பதில் ஓர் அளவு வேண்டும். புலவர் வரலாறுகளில் செவிவழிக் கதையும் வரலாறும் பிரியாமல் கலந்து கிடக்கின்றன. காலக் கணிப்பு பல இடங்களில் நிற்காது. கசற்றியர் அறிவுக்காக எழுதப்பட்டது உண்மைதான், ஆனால் வரி வசூலிக்க வந்த துரைமாருக்கும் அது பயன்பட்டது. அரசின் சம்பளத்தில் இருந்தவர் அரசைக் கடிந்து எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தக் கரையில் யார் யார் இருக்கிறார்கள், எதை உண்கிறார்கள், எதை நம்புகிறார்கள், எந்தத் துறையில் எந்தப் பருவத்தில் தோணி வரும் என்று தெரிந்த ஒருவர், அரசு என்ன நினைக்கிறது என்பதும் தெரிந்தவராக, இரண்டுக்கும் நடுவில் இருந்தார். அவருக்குப் பின்வந்த பெரும் திட்டங்கள் பலவற்றில் அந்த இடம் காலியாக இருந்தது.

சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்து தொடங்கலாம். பாலாவியில் ஆலை, சுண்ணாம்புக்கல் அருவக்காட்டிலிருந்து ரயிலில் வரும். அரச கூட்டுத்தாபனமாக இருந்து 1993 இல் தனியார் கைக்குப் போனது. பின்னர் சுவிஸ் நிறுவனமான ஹோல்சிமிடம் சேர்ந்து, 2016 இல் தாய்லாந்து நிறுவனத்துக்குக் கைமாறி, இன்சீ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ‘சன்ஸ்தா’ சீமெந்துப் பையைப் பார்க்காத கொத்தனார் இலங்கையில் இருக்க மாட்டார். தூசு, கல்லுடைக்கும் வெடி அதிர்வு என்ற பழைய முறைப்பாடுகளுக்கு நிறுவனம் கொடுத்த பதில்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. கல் தோண்டிய குழிகளில் மீண்டும் காடு வளர்க்கும் வேலையில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். வெளியாள் ஒருவரை உள்ளே விட்டு அளக்கச் சொல்வது மக்கள் தொடர்பில் செலவு கூடிய வழி. வெறும் துண்டுப்பிரசுரத்தைவிட அது நிலைக்கும். ஆனால் அந்தக் குழிகளுக்கே பின்னால் வேறொரு கதை வந்து சேர்ந்தது. அதற்கு முன் நிலக்கரி.

நவீன மக்கள் தொடர்புத் துறையும் நிலக்கரியில்தான் தன் முதல் பெரிய வாக்குறுதியைக் கொடுத்தது. 1906 இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்த ஐவி லீ, பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கைப் பிரகடனம் அனுப்பினார். ஒளிவு மறைவு இருக்காது, கேட்ட தகவலைச் சரிபார்த்துத் தருவோம் என்பது அதன் சாரம். முதலாளிமார் அதுவரை பத்திரிகைக்காரரைக் கண்டால் கதவைச் சாத்தியவர்கள் என்பதால் அது பெரிய மாற்றமாகத் தெரிந்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2006 மே மாதத்தில், நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் கட்டுமானம் தொடங்கியது.

தொடங்கும் முன்பே பல ஆண்டு இழுபறி. திருகோணமலை, தென்கரையில் மாவெல்ல என்று இடங்கள் பேசப்பட்டு, கடைசியில் இந்தக் குடாநாட்டுக்கு வந்தது திட்டம். தலவில திருத்தலம் பக்கத்தில் இருப்பதால் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. காணி போகும், கரை போகும் என்று விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். அரசாங்கம் மாறும்போதெல்லாம் திட்டம் நிற்கும், பிறகு கிளம்பும். ஒரு திட்டம் இப்படி நின்று நின்று கிளம்பினால், ஒவ்வொரு முறையும் வந்து விளக்கும் ஆளும் மாறுவார். முதலாமவர் சொன்ன வாக்கு இரண்டாமவருக்குத் தெரியாது. ஊருக்கு மட்டும் இரண்டும் நினைவிருக்கும். சீனாவின் எக்சிம் வங்கிக் கடனில், சீன நிறுவனமே கட்டி, முதல் 300 மெகாவாட் அலகு 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்திருந்தபோது நிலையம் 900 மெகாவாட்டாக நிறைவு பெற்றது. பெயர் லக்விஜய. நாட்டுக்கு வெளிச்சம் வந்தது மெய். காற்றோடு வரும் கரித்தூளும் சாம்பலும் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு வந்ததும் மெய். இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ளும் அறிக்கையை எழுதுவதுதான் இந்தத் துறையில் மிகக் கடினமான வேலை.

மின்சாரத்தைப் பற்றிய பேச்சில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். அன்று பிற்பகலுக்குள் அந்தக் குரங்கு உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஒரு குரங்கு தொட்டால் ஒரு நாடே இருளாகிற அளவுக்கு வலையமைப்பு ஏன் பலவீனமாக இருக்கிறது, அதில் விழுந்துபோன நுரைச்சோலையின் மூன்று அலகுகளையும் ஏன் உடனே எழுப்ப முடியவில்லை, அடுத்த நாட்களில் ஏன் மின்வெட்டு என்பதுதான் மக்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. அந்த விளக்கம் பிறகு வந்தது. அதை யாரும் பகிரவில்லை. சொன்ன காரணம் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குச் சிறியதாக இருந்தாலே போதும், சிரிப்பாகிவிடும்.

அருவக்காட்டுக்குத் திரும்பலாம். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கருகே மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து 30 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்புக் குப்பையை எங்கே கொட்டுவது என்ற பழைய கேள்வி ஒரே நாளில் அவசரக் கேள்வியாயிற்று. ஏற்கெனவே பேச்சிலிருந்த திட்டம் வேகமெடுத்தது: கொழும்புப் பக்கத்தில் குப்பையை இறுக்கிக் கொள்கலனில் அடைத்து, 170 கிலோமீட்டர் ரயிலில் கொண்டுவந்து, அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளில் நவீன முறைப்படி நிரப்புவது. சீனத் துறைமுகப் பொறியியல் நிறுவனம் ஒப்பந்தக்காரர்.

அதிகாரிகளின் விளக்கம் தொழில்நுட்ப மொழியில் இருந்தது. அடியில் கசியாத விரிப்பு இருக்கும், வடியும் நீர் சுத்திகரிக்கப்படும், மேலே மண் மூடப்படும். தாளில் ஒரு குறையும் இல்லை. ஊர் கேட்டது வேறு. சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்பும் துளையும் இருக்குமே, விரிப்பு கிழிந்தால் நீர் எங்கே போகும்? பக்கத்தில் களப்பு, களப்பில் மீனும் இறாலும் நண்டும், கரையில் உப்பு. அருகிலேயே இன்னும் கல்லுடைக்க வெடி வைக்கிறார்களே? யானை வருகிற காடு, குப்பை வாசத்துக்கு யானை கூடுமே? இவை படிப்பறிவில்லாதவர் கேட்கும் கேள்விகள் அல்ல. நல்ல பொறியியலாளர் ஒருவர் கேட்கும் கேள்விகளும் இவைதான். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு ஓடியது. சீமெந்துத் தூசு நமக்கு, நிலக்கரிச் சாம்பலும் நமக்கு, இனிக் குப்பையும் நமக்கா என்ற கணக்கு. அதற்கு விரிப்பின் தடிப்பைச் சொல்லிப் பதில் தர முடியாது.

2018 இன் பிற்பகுதியில் புத்தளம் நகரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ‘க்ளீன் புத்தளம்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் நீடித்தது. ஹர்த்தால், கறுப்புக்கொடி, பேரணி எல்லாம் நடந்தன. முஸ்லிம், சிங்களவர், தமிழர் மூவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். மௌலவியும் பாதிரியாரும் பிக்குவும் ஒரே மேடையில் பேசினார்கள். 2019 மார்ச்சில் கொழும்புக்கே போய்க் குரல் எழுப்பினார்கள். கவனித்துப் பார்த்தால், அந்த மாதங்களில் இந்த மாவட்டத்தில் மிகச் சிறந்த மக்கள் தொடர்பு வேலையைச் செய்தவர்கள் போராட்டக்காரர்கள்தான். இரண்டு மொழியில் பதாகை, வெள்ளி, ஞாயிறு இரண்டையும் பயன்படுத்திய அறிவித்தல், ஊரை விட்டு மத்திய கிழக்கில் வேலை செய்கிறவர்களையும் இழுத்துக்கொண்ட முகநூல் நேரலை. அரசின் பக்கத்தில் செய்தி அறிக்கைகள் இருந்தன.

ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டன. அவசரகாலச் சட்டம் வந்தபின் வீதியில் கூடிப் போராடும் நிலை இருக்கவில்லை. ஆகஸ்டில் முதல் குப்பை வந்திறங்கியது. ரயிலில் மூடிய கொள்கலனில் வரும் என்று விளக்கியிருந்தார்கள், வந்தது லொறியில். அக்டோபரில் குப்பைக் குழிப் பகுதியில் ஒரு வெடிப்பு நடந்தது. ஊர் கேட்ட கேள்விகளை முன்கூட்டியே கொழும்புக்குக் கொண்டுபோய், ‘இதற்குப் பதில் கிடைக்கும்வரை லொறியை அனுப்பாதீர்கள்’ என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம். சொன்னதும் நடந்ததும் வேறாகப் போனபின், அடுத்த அறிக்கையை நம்பவைக்க எவராலும் முடியாது என்பது ஊகம் அல்ல.

1984 இல் ஜேம்ஸ் குருனிக்கும் டொட் ஹன்ட்டும் எழுதிய பாடநூல் இந்தத் துறையின் வழிமுறைகளை நான்காகப் பிரித்தது. விளம்பரம் தேடுவது, தகவல் தருவது, ஆராய்ந்து வசப்படுத்துவது, இருவழியிலும் பேசித் தன்னையும் மாற்றிக்கொள்வது. நான்காவதுதான் உயர்ந்தது என்று படிப்பிக்கிறார்கள். அருவக்காட்டில் நடந்தது இரண்டாவது. தாளில் எழுதியிருந்தது நான்காவது.

சுற்றுலாவில் கதை வேறு விதம். அங்கே பெரும்பாலும் முதல் வழிதான், அதுவும் ஆர்வலர் ஒருவரின் கையில் நன்றாகவே வேலை செய்தது. கெஹான் டி சில்வா விஜயரத்ன சுற்றுலா நிறுவன நிர்வாகியாக இருந்துகொண்டே பறவை, தும்பி, சிறுத்தை, திமிங்கிலம் என்று ஓயாமல் எழுதியும் படமெடுத்தும் வந்தவர். 2008 இல் மிரிஸ்ஸையின் நீலத் திமிங்கிலங்களை உலகப் பத்திரிகைகளுக்கு எடுத்துச் சென்றதில் முன்னின்றார். 2010 இல் கற்பிட்டிப் பக்கம் வந்தார். டொல்பின் கூட்டம் அதற்கு முன்பே பேசப்பட்டதுதான். ஆழ்கடல் விளிம்பு கரையிலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பதால் விந்துத் திமிங்கிலமும் இங்கே காணக்கிடைக்கும் என்பதை, எந்த ஆழத்தில் தேட வேண்டும் என்ற விவரத்தோடு எழுதினார். ‘எங்கள் கடல் அழகு’ என்று சொல்லாமல், இந்தப் பருவத்தில் இந்த ஆழத்தில் இதைப் பார்க்கலாம் என்று சொன்னது பயணிக்கும் பத்திரிகைக்காரருக்கும் பயன்பட்டது, படகோட்டிக்கும் பயன்பட்டது. கண்டக்குழி, ஆலங்குடாப் பக்கத்தில் விடுதிகள் பெருகின.

கூட்டம் வந்தபின் வரும் சிக்கலும் வந்தது. டொல்பின் கூட்டத்தைப் படகுகள் சூழ்ந்து விரட்டுவதாகக் குறை எழுந்தது. கற்பிட்டிக் கடலில் 1992 இல் காப்பகமாக்கப்பட்ட பவளப்பாறைப் பகுதி 1998 இல் கடல் சூடானபோது வெளுத்துப் பெரும் சேதம் கண்டது. அதன் மீதி இன்னும் வலையையும் நங்கூரத்தையும் தாங்கவேண்டியிருக்கிறது. 2000களில் அரசு கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கி ஒரு பெரிய உல்லாசத் திட்டம் வரைந்தபோது, வெளியே காட்டிய படங்களில் நீலக் கடலும் ஓலைக் குடிசையும் இருந்தன. தலைமுறையாக அந்தத் தீவுகளில் வாடி போட்டு மீன் காயவைக்கும் குடும்பங்கள் படத்தில் இல்லை. தங்கள் ஊரின் விளம்பரப் படத்தில் தாங்கள் இல்லாததைப் பார்த்தவர்கள் எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போனதில் வியப்பில்லை.

மீனுக்கும் ஒரு முறை மக்கள் தொடர்பு தேவைப்பட்டது. 2020 அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா கொத்தணி உருவானபின், மீன் என்றாலே மக்கள் ஒதுங்கினார்கள். பிடித்த மீன் விலைபோகாமல் கரைகளில் தேங்கியது. நவம்பரில் மீன்பிடித்துறை முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகவியலாளர் முன் ஒரு பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். உலகச் செய்தியாயிற்று. மீன் விற்பனைக்கு அது எவ்வளவு உதவியது என்பது ஒருபுறம். மூன்று பக்க அறிக்கையால் முடியாததை ஒரு கடி செய்தது என்பதை இந்தத் துறையில் இருக்கும் எவரும் மறுக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்து மூழ்கியபோது மீன்பிடித் தடை தெற்கே பாணந்துறை முதல் வடக்கே நீர்கொழும்பு வரைதான். ஆனால் கண்டியிலோ குருநாகலிலோ மீன் வாங்குகிறவர் இது எந்தக் கடல் மீன் என்று கேட்டு வாங்குவதில்லை. அந்த முறை கடித்துக் காட்ட யாரும் முன்வரவில்லை.

சட்டம் இந்த வேலையின் அடித்தளத்தை ஓரளவு போட்டுவைத்திருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்றும், அதை வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவிக்கவேண்டும் என்றும் விதித்தது. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஓர் அறிக்கையைப் பிரதேச செயலகத்துக்குப் போய் உட்கார்ந்து படிக்க, கடலுக்குப் போகிற ஒருவருக்கு 30 நாளில் எத்தனை நாள் ஓய்வு கிடைக்கும் என்பது வேறு கேள்வி. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெளிநாட்டு நிதி ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேலோ, உள்நாட்டு நிதி ஐந்து லட்சம் ரூபாவுக்கு மேலோ உள்ள திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதைப் பற்றிய விவரத்தைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரியப்படுத்துவது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அதன் 9 ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவு இருப்பதே பல திட்ட அலுவலகங்களில் தெரியாதது போலத்தான் காரியங்கள் நடக்கின்றன.

அதே சட்டத்தின்படி ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். பிரதேச செயலகம், நகர சபை, மின்சார சபை எதுவாக இருந்தாலும் அவரிடம் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விண்ணப்பம் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. எழுத முடியாதவர் நேரில் வந்து வாயால் கேட்டால், அந்தக் கேள்வியை எழுத்தில் பதிந்துகொள்வதும் அந்த அலுவலரின் கடமை.